எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர்?

ஜகார்த்தாவுக்குப் போகும் நம்மவர்கள் தானா அபாங் சந்தையில் துணி வாங்குவார்கள், மோனாஸ் கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், நேரம் இருந்தால் பண்டோங்குக்கு ரயில் ஏறுவார்கள். நானும் முன்பு இரண்டு முறை அப்படித்தான் போய் வந்தேன். மூன்றாவது முறை போனது ஒரு மதகைப் பார்ப்பதற்காக. கூட வந்த என் அண்ணன் மகன், "மதகு பார்க்க டிக்கெட் எடுத்த ஆளு நீங்க ஒருத்தராத்தான் இருப்பீங்க, அத்தை" என்று விமானத்திலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

மங்காராய் மதகு நகரத்தின் நடுவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தெற்கே மலையிலிருந்து இறங்கி வரும் சிலிவுங் ஆறு இந்த இடத்தில்தான் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை பழைய ஆற்றுப்பாதையில் நகருக்குள் நுழைகிறது. மற்றது மேற்கு வெள்ளக் கால்வாய் வழியாகச் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போகிறது. 1918இல் பத்தாவியா மூழ்கியபின் டச்சுக்காரர்கள் போட்ட திட்டம் இது. மதகின் கதவுகளுக்குப் பக்கத்தில் சுவரில் பெரிய எழுத்தில் அளவுகோல் வரைந்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது தண்ணீர் பால் ஊற்றிய மைலோ நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஒரு மண்வாரி இயந்திரம் மூங்கில், மெத்தை, நெகிழிப் பைகள் என்று அள்ளி அள்ளி லாரியில் கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு சோபா கூட வந்தது.

அந்த அளவுகோலில் தண்ணீர் 950 சென்டிமீட்டரைத் தாண்டினால் 'சியாகா 1'. அதாவது உச்ச எச்சரிக்கை. ஜகார்த்தாவில் டாக்சி ஓட்டுபவருக்கும் கொரெங்கான் விற்கும் அம்மாவுக்கும் இந்த எண் தெரிந்திருக்கிறது. நான் விசாரித்த நாலு பேரில் நாலு பேரும் சொன்னார்கள். கிள்ளான் ஆறு எத்தனை மீட்டரைத் தொட்டால் நமக்கு ஆபத்து என்று எங்கள் தாமானில் கேட்டுப் பாருங்கள். எனக்கே 2021க்குப் பிறகுதான் தெரியும்.

நான் வளர்ந்தது ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். 2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. அந்த நாளை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாடு முழுக்க 50க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சேதத்தைப் பின்னர் 610 கோடி ரிங்கிட் என்று புள்ளியியல் துறை கணக்கிட்டது. எங்கள் வீடு ஒற்றை மாடித் தரை வீடு. பக்கத்து இரட்டை மாடி வீட்டு மக்சிக்தான் அம்மாவை மேலே ஏற்றி, இரண்டு இரவு தன் மகளின் அறையில் படுக்க வைத்தார். நான் கிள்ளானில் இருந்தேன். கிட்டத்தில்தான், ஆனால் போக வழியில்லை.

அந்த இரண்டு நாளும் என் கைப்பேசியில் புலனக் குழுக்கள் ஓயவில்லை. "ஜாலான் இன்னதில் தண்ணீர் நெஞ்சளவு." "படகு தேவை, அவசரம்." "குழந்தை இருக்கிறது." எந்தச் செய்தி எத்தனை மணிக்கு எழுதியது, யார் எழுதியது, அந்தக் குடும்பத்தை யாராவது ஏற்கெனவே மீட்டுவிட்டார்களா, ஒன்றும் தெரியாது. அம்மாவுக்காக நான் அனுப்பிய செய்தி ஊரெல்லாம் சுற்றி, மூன்று நாள் கழித்து யாரோ ஒருவர் வழியாக எனக்கே வந்தது. அம்மா அப்போது எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அந்தச் செய்தியைப் பார்த்து ஒரு படகு எங்கள் தெருவுக்குத் திரும்பிப் போயிருந்தால், அது போக வேண்டிய இன்னொரு வீட்டுக்குப் போயிருக்காது. இந்த நினைப்புதான் என்னை ஜகார்த்தா வரை இழுத்து வந்தது.

நம் நாட்டிலும் தகவல் இல்லாமல் இல்லை. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் இணையப் பக்கத்தில் ஆற்று நீர்மட்டம் நிலையம் நிலையமாக வருகிறது. வஸ்பாடா, அமாரான், பஹாயா என்று நிறம் மாறுகிறது. நல்ல சேவை. ஆனால் அது ஆற்றின் கதை. எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் முழங்காலா, கழுத்தா என்பது அந்த மானிக்குத் தெரியாது. அது அங்கே நிற்பவருக்கு மட்டும்தான் தெரியும். நிற்பவருக்குத் தெரிந்ததை எல்லாருக்கும் தெரியும்படி ஒரே வரைபடத்தில் போட முடியுமா? ஜகார்த்தாக்காரர்கள் 2014இலிருந்து அதைத்தான் செய்கிறார்கள்.

இதற்கு ஜகார்த்தாவைத் தவிர வேறு ஊர் கிடைத்திருக்காது என்று சொல்வேன். 13 ஆறுகள் அந்த நகரத்தின் ஊடாக ஓடுகின்றன. நகர நிலப்பரப்பில் சுமார் 40 விழுக்காடு கடல்மட்டத்துக்குக் கீழே. குழாய்த் தண்ணீர் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேராததால் ஆழ்துளைக் கிணறு போட்டு நிலத்தடி நீரை உறிஞ்சுகிறார்கள். உறிஞ்ச உறிஞ்ச நிலம் கீழே இறங்குகிறது. மேலே மலை, கீழே கடல், நடுவில் அமிழும் தரை. 2007 பிப்ரவரியில் பாதிக்கு மேல் நகரம் நீரில் நின்றது. 2013 ஜனவரியில் கால்வாய்க் கரை உடைந்து, நம்முடைய புக்கிட் பிந்தாங் போன்ற அவர்களுடைய வட்டச் சாலையே, அந்தப் பெரிய ஓட்டல்கள் நிற்கும் இடமே, ஏரியாகிவிட்டது.

மறுநாள் காலை ரயிலேறிப் போகோர் போனோம். ஒன்றரை மணி நேரப் பயணம். கட்டணம் நம் காசுக்கு இரண்டு ரிங்கிட் கூட வராது. போகோரை 'கோத்தா ஹுஜான்', மழை நகரம் என்கிறார்கள். பேருக்கு ஏற்றாற்போல நாங்கள் இறங்கும்போதே தூறல். எல்லாரும் பூங்காவுக்குத் திரும்ப, நாங்கள் பச்சை நிற அங்கோட் வேன் பிடித்துக் காத்துலம்பா போனோம்.

காத்துலம்பா ஓர் அணை என்று செய்தியில் எழுதுகிறார்கள். நேரில் பார்த்தால் பெரிய அணை எதுவும் இல்லை. டச்சுக்காரர்கள் பாசனத்துக்காக நூறு ஆண்டுக்கு முன் கட்டிய தடுப்பணை. மேலே ஒடுக்கமான பாலம். நீரைத் தேக்கி வைக்கிற வேலையே அது செய்வதில்லை. தண்ணீர் அதன் மேலே வழிந்து போய்க்கொண்டே இருக்கிறது. ஆனால் பாலத்துக்குக் கீழே ஓர் அளவுகோல் இருக்கிறது. அதில் 200 சென்டிமீட்டரைத் தாண்டினால் இங்கே சியாகா 1. இங்கே பார்க்கும் தண்ணீர் மங்காராய் போய்ச் சேர 9 முதல் 12 மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில் ஜகார்த்தாவில் ஆற்றங்கரைக் குடும்பங்கள் மோட்டார் சைக்கிளை மேட்டில் ஏற்றலாம், பத்திரங்களைப் பையில் போடலாம், பாட்டியைத் தூக்கலாம்.

கரையில் ஒரு காவல் அறை. பணியில் இருந்தவரிடம் மலேசியாவிலிருந்து வருகிறோம் என்றதும் நாற்காலி போட்டுக் கொடுத்தார். "மழைக்காலத்தில் தூக்கம் உண்டா, பாக்?" என்று கேட்டேன். "மழை பெய்தால் கண்ணே மூடாது, இபு. மழை நின்றால் சத்தம் இல்லாததாலே விழித்துக்கொள்வேன்" என்றார். முன்பெல்லாம் வானொலிக் கருவி மட்டும்தான். இப்போது காமிரா, கைப்பேசி, எல்லாம் உண்டு. ஆனாலும் இரவில் கையில் விளக்கோடு இறங்கிப் போய்க் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எண்ணைச் சொல்வாராம். கருவியைவிடக் கண்ணை நம்புகிற ஆள். அவர் சொல்லும் அந்த எண் ஒரு பெரிய நகரத்தின் வரைபடத்தில் ஒரு புள்ளியாக ஏறுகிறது என்பதை என் அண்ணன் மகன் தன் கைப்பேசியில் திறந்து காட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்" என்று தலையாட்டினார்.

திரும்பும் வழியில் சூடான பாஜிகூர் குடித்தோம். தேங்காய்ப்பாலும் வெல்லமும் இஞ்சியும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். மழைக்கு அதைப்போல ஒன்று நம்மிடம் இல்லை.

இனி அந்த வரைபடத்தின் கதை. வரைபடம் என்றால் முதலில் அடித்தளம் வேண்டும். தெரு எது, எல்லை எது என்று தெரியாமல் 'எங்கே தண்ணீர்' என்று எப்படிக் காட்டுவது? இந்தோனேசியாவில் வீடுகளின் மிகச் சிறிய கூட்டம் எர்.தே.; ருக்குன் தெத்தாங்கா. ஆம், 1975இலிருந்து நம் நாட்டில் இருக்கும் அதே ருக்குன் தெத்தாங்கா என்ற பெயர்தான். ஆனால் அங்கே அது இரவுக் காவலுக்கு மட்டும் அல்ல. மக்களின் பல ஆவண வேலைகள் நெடுங்காலமாக அதன் தலைவர் கையெழுத்தில்தான் தொடங்கின. பல எர்.தே. சேர்ந்தால் ஓர் எர்.வே.; பல எர்.வே. சேர்ந்தால் ஒரு கெலுராஹான். ஜகார்த்தாவில் 267 கெலுராஹான்கள். 2012இல் பேரிடர் துறையினர், பல்கலைக்கழக மாணவர்கள், திறந்த வரைபடத் தன்னார்வலர்கள் எல்லாரும் இந்த 267 கெலுராஹான்களின் ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அந்தந்தப் பகுதிக்காரர் விரலால் காட்டக் காட்ட, மாணவர்கள் கணினியில் கோடு போட்டார்கள். எந்த எர்.வே. எங்கே முடிகிறது, பள்ளி எது, சுராவ் எது என்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏறியது. அந்த வரைபடம் யாருக்கும் சொந்தமில்லை. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். பின்னால் வந்தது எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. செய்தியில் அடிபடாத வேலை. எனக்கு இதுதான் முழுக் கதையிலும் பெரிய வேலையாகத் தெரிகிறது.

அதன்பின் 2014 டிசம்பரில் 'பெத்தா ஜகார்த்தா' வந்தது. ஆஸ்திரேலியாவின் உலோங்கொங் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஜகார்த்தா பேரிடர் நிர்வாகமும் சேர்ந்து தொடங்கியது. யோசனை எளிமையானது. ஜகார்த்தாக்காரர்கள் டுவிட்டரில் ஓயாமல் பேசுகிறவர்கள். மழை வந்தால் 'பாஞ்சிர்' என்ற சொல் ஆயிரக்கணக்கில் வந்து விழும். அந்தச் சொல்லைக் கண்டதும், "உங்கள் இடத்தில் வெள்ளமா? இப்படித் தெரிவியுங்கள்" என்று ஒரு தானியங்கி பதில் அனுப்பியது. பதில் சொன்னவரின் இடம் வரைபடத்தில் புள்ளியானது. வெள்ளத்தில் நிற்பவரைப் புதிதாக ஏதாவது செயலியை இறக்கு என்று சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்த இடத்துக்கே போய்க் காதைக் கொடுத்தார்கள். பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் சேர, 'பெத்தா பென்சானா' என்று பெயர் மாறி, வேறு நகரங்களுக்கும் 2020க்குள் நாடு முழுவதற்கும் விரிந்தது. இன்று வெள்ளம் மட்டுமல்ல, நிலநடுக்கம், காட்டுத்தீ, எரிமலை, பலத்த காற்று எல்லாம் அதில் உண்டு.

இப்போது புலனம் வழியாகவும் தெரிவிக்கலாம். அனுப்பினால் ஓர் இணைப்பு வருகிறது. அதைத் தொட்டால் வரைபடம். இருக்கும் இடத்தில் ஊசியை நட வேண்டும். அடுத்ததாக ஒரு மனிதப் படம். தண்ணீர் அவர் கணுக்காலா, முழங்காலா, இடுப்பா என்று விரலால் இழுத்து உயர்த்த வேண்டும். சென்டிமீட்டர் தானாக விழும். விரும்பினால் புகைப்படம், ஒரு வரி விளக்கம். அவ்வளவுதான். பெயர் கேட்பதில்லை, கடவுச்சொல் கேட்பதில்லை. பேரிடர் நிர்வாகத்தின் ஆட்கள் இவற்றைப் பார்த்து, தங்கள் ஆட்களிடமும் விசாரித்து, முழு எர்.வே.க்கும் நிறம் பூசுகிறார்கள்: 70 சென்டிமீட்டர் வரை மஞ்சள், 150 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. மக்கள் போடும் புள்ளி வேறு, அரசு பூசும் நிறம் வேறு. இரண்டும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில். எது யார் சொன்னது என்று குழப்பமில்லை.

நான் முக்கியமாகக் கவனித்த விஷயம் இன்னொன்று. பழைய புள்ளி குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு தானே மறைந்துவிடும். கஞ்சி குடித்துக்கொண்டிருந்த என் அம்மாவை மூன்று நாள் கூரையில் நிறுத்தி வைத்த மாதிரி அங்கே நடக்காது.

2020 புத்தாண்டு இரவில் இதற்குச் சோதனை வந்தது. ஹாலிம் விமான நிலையத்தில் ஒரே நாளில் 377 மில்லிமீட்டர் மழை. அந்த நகரத்தின் பதிவேட்டில் அதுவரை இல்லாத அளவு. ஜகார்த்தாவிலும் சுற்றுப்புறத்திலும் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எந்தச் சாலை அடைத்திருக்கிறது, எந்தப் பக்கம் வெளியேறலாம் என்று மக்கள் இலட்சக்கணக்கான தடவை அந்த வரைபடத்தைத் திறந்தார்கள். வரைபடம் மழையை நிறுத்தவில்லை, 60 பேரையும் காப்பாற்றவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கம்போங் மெலாயுவில், ஆற்றுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் ஓர் எர்.தே. தலைவரைச் சந்தித்தோம். அறுபது வயதிருக்கும், வாசலிலேயே கோழி வளர்க்கிறார். அவர் வீட்டுச் சுவரில் வெவ்வேறு உயரத்தில் கோடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆண்டு. ஒன்று என் தலைக்கு மேலே இருந்தது. குழந்தை வளர்வதற்குக் கதவில் கோடு போடுவோமே, அதுபோல இவர் ஆற்றுக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

"நீங்கள் வரைபடத்தில் தெரிவிப்பீர்களா, பாக்?" என்றேன்.

"என் மகள் தெரிவிப்பாள். நான் முதலில் மசூதி ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவேன். அதுதான் வேகம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எல்லாரும் தெரிவிக்க மாட்டார்கள்" என்றார்.

ஏன் என்று கேட்டபோது ஆற்றோரமாகக் கையைக் காட்டினார். கம்போங் பூலோ அந்தப் பக்கம்தான். 2015 ஆகஸ்ட் மாதத்தில் ஆற்றை அகலப்படுத்துவதற்காக அங்கிருந்த வீடுகளை இடித்து, மக்களைப் பக்கத்து அடுக்குமாடி வாடகை வீடுகளுக்கு மாற்றினார்கள். இப்போது கரையில் கான்கிரீட் சுவர் நீளமாகப் போகிறது. "இங்கே வெள்ளம் வெள்ளம் என்று நாமே புள்ளி வைத்தால், நாளைக்கு அதையே காட்டி நம்மையும் எழுப்பி விடுவார்கள் என்று சிலருக்குப் பயம்" என்றார். அவருடைய பயமா, அண்டை வீட்டாருடையதா என்று நான் கேட்கவில்லை. வரைபடம் செய்தவர்கள் பெயர் கேட்காமல் விட்டதன் அருமை எனக்கு அந்தச் சந்தில்தான் விளங்கியது. ஆனாலும் பெயர் இல்லாவிட்டாலும் இடம் இருக்கிறதே. இடம்தானே அங்கே பிரச்சினை.

அதனால் அந்தப் படத்தில் புள்ளி இல்லாத இடம் எல்லாம் காய்ந்த இடம் என்று நினைத்துவிடக் கூடாது. கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்த இடமாக இருக்கலாம். வயதானவர்கள் மட்டும் இருக்கும் இடமாக இருக்கலாம். வாய் திறக்கப் பயப்படும் இடமாக இருக்கலாம். மோசமாக மூழ்கிய இடத்திலிருந்துதான் செய்தி வராமல் போகும். எங்கள் தாமானிலும் சனிக்கிழமை நள்ளிரவுக்குப் பிறகு சில தெருக்களிலிருந்து செய்தியே வரவில்லை. அங்கே சரியாகிவிட்டது என்று சிலர் நினைத்தார்கள்.

கடைசி நாள் வடக்கே, முவாரா பாரு. அங்கே கடலுக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு சுவர். சுவரின் மேல் ஏறிப் பார்த்தால் ஒரு பக்கம் கடல் தோள் உயரத்தில் நிற்கிறது. மறுபக்கம் தெருவும் வீடும் காலுக்குக் கீழே கிடக்கின்றன. சுவருக்கு வெளியே, தண்ணீருக்குள், கைவிட்ட வால் அதுனா பள்ளிவாசல் நிற்கிறது. சுவரில் பாசி, உள்ளே அலை. மழையே இல்லாமல் கடல் ஏறி வரும் வெள்ளத்துக்கு 'ரோப்' என்று பெயர். சுவரின் மேல் இரண்டு பையன்கள் தூண்டில் போட்டிருந்தார்கள். அண்ணன் மகன் அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்தவன், அங்கே பேசவேயில்லை. படம் கூட எடுக்கவில்லை.

இந்த வரைபடத்தின் மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மூலம் திறந்தே இருக்கிறது. சென்னையில் 2015 பெருவெள்ளத்தின்போது மூழ்கிய தெருக்களைத் தன்னார்வலர்கள் இதேபோலத் திறந்த வரைபடத்தில் குறித்தார்கள். பிறகு 2017இல் அதே எம்.ஐ.டி. குழு ஜகார்த்தா முறையைச் சென்னையிலும் முயன்று பார்த்தது. எங்கள் தாமானுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை என்றான் அண்ணன் மகன். "நமக்கு இருக்கிறது சில தெருதான் அத்தை. முதல்ல அடித்தளம்; அந்த 267 ஊர்க்காரங்க உட்கார்ந்த மாதிரி நம்ம ஆளுங்க உட்காரணும்."

உட்கார்ந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று முப்பது பேர் வந்தார்கள். தெருக்களின் படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு மேசையில் விரித்து, "2021இல் உங்கள் வாசலில் எவ்வளவு?" என்று கேட்டுக் கேட்டுப் பென்சிலால் எழுதினோம். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு அடி வித்தியாசம் வந்தது. ஒரு மாமா சுவரில் சேற்றுக் கறை இருக்கிறது என்று கூட்டிப் போய்க் காட்டினார். நாடாவை வைத்து அளந்தோம். வயதானவர் தனியாக இருக்கும் வீடு எது என்பதை மட்டும் படத்தில் போடுவதில்லை என்று முடிவு செய்தோம். திருடனுக்கும் அது வசதி என்று ஒரு மக்சிக் சொன்னார். அந்தப் பட்டியல் தெருவுக்கு ஒருவர் கையில், தாளில் இருக்கும்.

சண்டையும் வந்தது. வீட்டை விற்க முயன்றுகொண்டிருக்கும் ஒருவர் எழுந்து, "என் தெருவைச் சிவப்பாகப் போட்டால் எவன் வாங்குவான்? வங்கி கடன் கொடுக்குமா? நீங்கள் நஷ்டஈடு தருவீர்களா?" என்று கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முப்பது வருடம் கட்டிய கடன் அது. கம்போங் மெலாயுப் பெரியவர் சொன்னதும் இவர் சொன்னதும் ஒரே பயம்தான். அவருக்கு வீடு போய்விடும் என்று, இவருக்கு விலை போய்விடும் என்று. இரண்டு மணி நேரம் பேசி ஒரு வழி கண்டோம். பழைய வெள்ளத்தின் நிறம் இணையத்தில் போடுவதில்லை. அது சங்கத்தின் கையில் இருக்கும். தண்ணீர் ஏறும்போது போடும் புள்ளி மட்டும் எல்லாருக்கும் தெரியும். வடிந்ததும் அது மறைந்துவிடும். எனக்கு இது முழுத் திருப்தி இல்லை. வீடு வாங்க வருகிறவருக்கும் தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் அன்று அதற்கு மேல் போயிருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.

இப்போது விளக்குக் கம்பங்களில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறோம். 50, 100, 150 சென்டிமீட்டர். அனுமதி வாங்கத்தான் நாள் பிடித்தது. வண்ணம் பூச ஒரு காலை போதும். தண்ணீரில் நிற்பவர் கணுக்கால், முழங்கால் என்று தடுமாற வேண்டாம். கம்பத்தின் எண்ணையும் கோட்டையும் பார்த்து இரண்டு எண் அனுப்பினால் அண்ணன் மகன் செய்திருக்கும் வரைபடத்தில் புள்ளி விழும். ஆறு மணி நேரத்தில் மறையும். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று கேட்டார்கள். அதற்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கு மின்கலம் வைக்கலாம் என்று இமாம் சொல்லியிருக்கிறார். கோயில் மணி இருக்கிறது.

ஆற்றுப் பக்கத்து வரிசை ஒன்று மட்டும் பாக்கி. அங்கே இரண்டு வீட்டார் தங்கள் வாசல் கம்பத்தில் கோடு வேண்டாம் என்கிறார்கள். அதில் ஒருவர் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து அம்மாவுக்குத் தெரிந்தவர். வரும் ஞாயிறு காலை அம்மாவையும் அழைத்துக்கொண்டு போகிறோம். போகும்போது இடியப்பம் செய்து எடுத்துப் போக வேண்டும் என்று அம்மா இப்போதே மாவு வாங்கச் சொல்லிவிட்டார்.